மழை பெய்கிறது, போர் வீல் போடலாமா?

கேள்வி: கொடிகாமத்தில் இருக்கிறேன். உருத்திரபுரத்தில் வயல். அங்கே போய்வரப் பழைய ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று வாங்கினேன். மாரி தொடங்கியதில் இருந்து பாதுகாப்புக்காக 4எச்சில் (போர் வீல், நான்கு சில்லும் இழுக்கும் நிலை) போட்டே ஏ9 வீதியில் ஓடுகிறேன். வீட்டு ஒழுங்கைக்குள் திருப்பும்போது அடியில் டக் டக் என்று சத்தம், ஸ்டியரிங்கும் இறுகுகிறது. திரும்ப 2எச்சுக்கு (பின் சில்லு இரண்டும் மட்டும் இழுக்கும் நிலை) எடுக்க லீவர் வர மறுக்கிறது. இது பழுதா? 4எச், 4எல் இரண்டையும் எப்போது பாவிப்பது?

பதில்: இன்னும் பழுதாகவில்லை. இப்படியே ஓடினால் ஆகும்.

உங்கள் வாகனத்தில் இருப்பது தேவைப்படும்போது மட்டும் போடுகிற போர் வீல். 4எச் போட்டவுடன், கியர்பொக்ஸின் இழுவையைப் பிரித்து அனுப்பும் பெட்டியான டிரான்ஸ்பர் கேஸ், முன்னுக்கும் பின்னுக்கும் போகும் ஷாப்ட் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடப் பெரிய வட்டம் போகின்றன, கூடத் தூரம் உருள வேண்டியிருக்கிறது. சேற்றிலோ மணலிலோ ஏதாவது ஒரு சில்லு கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் ரயர் பிடித்து நிற்பதால் வழுக்க இடமில்லை. முறுக்கு ஷாப்டிலும் பல்லுச் சில்லுகளிலும் ஏறிக்கொண்டே போகும். ஆனையிறவின் நேர் வீதியில் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஒழுங்கையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போதுதான் சத்தமாக வெளியே வருகிறது. லீவர் வராததற்கும் அந்த முறுக்குத்தான் காரணம். பலம் போட்டு இழுக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முடிந்தால் மண் தரையில், பத்துப் பதினைந்து மீற்றர் பின்னுக்கு எடுங்கள். முறுக்கு அவிழ்ந்ததும் லீவர் தானாக இலகும்.

பழைய வாகனம் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். நான்கு ரயரும் ஒரே அளவா, தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றா? முன்னுக்குப் புதுசு, பின்னுக்குத் தேய்ந்தது என்று இருந்தால் நேர் வீதியில்கூட முறுக்கு ஏறும். இங்கே கைமாறி வரும் டபுள் கெப்களில் இரண்டு விதமான ரயர் இருப்பது புதினமில்லை.

அப்போ மழை வீதிக்கு என்ன? 2எச் போதும். நனைந்த தாரிலும் சாதாரண வேகத்துக்குத் தேவையான பிடி இருக்கிறது. போர் வீல் இழுக்க உதவும், பிரேக் பிடிக்க உதவாது. பிரேக் எல்லா வாகனத்திலும் நான்கு சில்லுக்கும்தான் பிடிக்கிறது. என் பார்வையில் 4எச் மழை வீதியில் ஆபத்தைக் கூட்டுகிறது என்றே சொல்வேன்: 2எச்சில் எடுக்கும்போது பின் சில்லு கொஞ்சம் சுற்றி “வீதி வழுக்குது” என்று சொல்லிவிடும், 4எச்சில் அந்த எச்சரிக்கை வராது, நீங்களும் வேகத்தைக் குறைக்க மாட்டீர்கள். மழைக்குச் செலவழிக்க நினைத்தால் நல்ல ரயருக்குச் செலவழியுங்கள்.

பக்கத்து வீட்டுப் பிராடோக்காரர் எப்போதும் போர் வீலிலேயே ஓடுகிறாரே என்று கேட்பீர்கள். பிராடோ போன்றவற்றில் நடுவிலும் ஒரு டிஃபரென்ஷியல் (இரண்டு பக்கத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்லுத் தொகுதி) இருக்கிறது, முன் பின் வித்தியாசத்தை அது தீர்த்துவிடும். சூப்பர் செலக்ட் என்ற போர் வீல் அமைப்பு உள்ள பஜேரோவின் 4எச்சும் அப்படித்தான். அந்த வாகனங்களில் நடு டிஃபரென்ஷியலைப் பூட்டினால் மட்டும் உங்கள் நிலைமை வரும். ஆகவே அவரைப் பார்த்து நீங்கள் ஓட வேண்டாம்.

உங்களுக்கு 4எச் வேலை தொடங்குவது தார் முடிகிற இடத்தில். காய்ந்த கிரவல் பாதைக்கு 2எச்சே காணும். கிரவல் உதிர்ந்து பின்பக்கம் அலைந்தால் 4எச் போடலாம். வயற்பாதைச் சேற்றுக்கு, இறங்குவதற்கு முன்னமே போடுங்கள். பொதுவாக 80 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில், நேராகப் போகும்போது, ஓட்டத்திலேயே 4எச் போடலாம். உங்கள் மொடலுக்கான எல்லையைக் கைநூலில் பாருங்கள். புதைந்த பிறகு போடுவதில் பெரிய பலன் இல்லை. பின் சில்லு சுற்றிச் சுற்றிக் கிடங்கு தோண்டி, வாகனத்தின் வயிறு மண்ணில் குந்திவிட்டால், நான்கு சில்லும் சும்மா சுற்றும். அந்த நேரம் தேவைப்படுவது மண்வெட்டியும் பலகையும்தான். சேறு எவ்வளவு ஆழம் என்று இறங்கி நடந்து பாருங்கள். அரைச் சில்லுக்கு மேல் என்றால் வாகனத்தை வரம்போடு விட்டுவிட்டு உழவு இயந்திரத்தைக் கூப்பிடுங்கள்.

மணல் வேறு கதை. மணற்காடு, வடமராட்சி கிழக்குப் பக்கம் போனால் 4எச்சோடு ரயர் காற்றையும் குறைக்க வேண்டும். சுமையில்லாத டபுள் கெப்பை 20 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். ரயர் நீளமாகப் படிந்து மணலின் மேல் மிதக்கும். காற்றை இறக்காமல் போர் வீலை மட்டும் நம்பிப் போகிறவர்களைத்தான் அடிக்கடி கயிறு கட்டி இழுக்க வேண்டி வருகிறது. ஒரே சீரான வேகம், அகலமான வளைவு, நிற்க வேண்டுமென்றால் பிரேக்கை அழுத்தாமல் அக்ஸிலரேட்டரை விட்டு உருண்டு நிற்பது, அதுவும் இறக்கமான பக்கமாக. தாருக்கு ஏறியதும் மறக்காமல் காற்றடியுங்கள். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் ரயர் சூடேறி வெடிக்கும். மணல் மேடுகளின் மேல் ஏற வேண்டாம், அவை நமக்கு மிச்சமிருக்கிற கொஞ்சத்தில் சேர்ந்தவை.

4எல் வேகத்துக்கானது அல்ல. சில்லுக்குப் போகும் இழுவையைச் சுமார் இரண்டரை மடங்காக்கும், வேகத்தை அந்த அளவுக்குக் குறைக்கும். வாகனத்தை முழுதாக நிறுத்தி, கிளச்சை அழுத்தி, ஓட்டோ கியர் என்றால் நியூட்ரலில் வைத்துப் போட வேண்டும். ஆழச் சேற்றில் இருந்து மெதுவாக வெளியே வருவது, புதைந்த வாகனத்தை இழுப்பது, கரையில் படகை இழுத்தேற்றுவது, தேங்கிய தண்ணீருக்குள் ஊர்ந்து போவது, இவ்வளவுதான் யாழ்ப்பாணத்துச் சமதரையில் அதற்கு வேலை. மலைநாட்டுக்குப் போனாலும் ரம்பொட, கடுகண்ணாவ இறக்கங்கள் தார் வீதிதான். 2எச்சில் சிறிய கியரில் எஞ்சின் பிடிப்போடு இறங்குங்கள்.

தண்ணீர் என்று சொன்னதால் ஒன்று. இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறந்திருக்கும் நாட்களில் பாதைக்குக் குறுக்கே ஓடும் வெள்ளத்தில் எந்த மோடும் உதவாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்தாலே திரும்பிவிடுங்கள், கனமான வாகனத்தையும் அது தள்ளும். தேங்கிய தண்ணீரைக் கடந்தால் பிறகு டிஃபரென்ஷியல் ஓயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். கடல் தண்ணீரோ உப்பு மணலோ பட்டிருந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

கோடையிலும் மாதம் ஒருமுறையாவது கிரவல் பாதையில் 4எச் போட்டுச் சில கிலோமீற்றர் ஓடுங்கள், உள்ளே ஓயில் பரவும், லீவரும் இறுகாது. உங்கள் முன் சில்லுகளின் நடுவில் கையால் திருப்புகிற பூட்டு இருந்தால், அதை இரண்டு பக்கமும் ‘லொக்’கில் வைத்த பிறகுதான் 4எச் உண்மையில் வேலை செய்யும்.