17 வயது மகன் எந்நேரமும் ஜிம்மில் கிடக்கிறான், உடம்பு ஏறியும் "நான் ஒல்லி" என்கிறான். இது வயதுக் கோளாறுதானா?

தோள் அகன்று பழைய சட்டைகள் இறுக்கிப் பிடிக்கின்றன, ஆனாலும் கண்ணாடி முன் நின்று குறைப்பட்டுக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். வயதுக் கோளாறு, தானாகச் சரியாகிவிடும் என்று உறவினர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை முதலில் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டிலும் அவனைச் சின்ன வயதில் "நோஞ்சான்" என்று கூப்பிட்டவர்கள் அதே உறவினர்களாகத்தான் இருப்பார்கள்.

நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர்கள். என் தம்பி பிறவியிலேயே மெலிந்த உடம்புக்காரன். வீட்டுக்கு வருகிற அத்தையோ மாமாவோ அவன் படிப்பைப் பற்றிக் கேட்டு நான் கேட்டதில்லை. "ஊதினால் பறந்துவிடுவான் போலிருக்கிறதே, சோறு போடுகிறீர்களா இல்லையா?" என்பதுதான் வாசலிலேயே முதல் பேச்சு. பிரியத்தோடுதான் சொன்னார்கள். பிரியத்தோடு சொன்னால் குத்தாது என்று எந்த ஊரில் எழுதி வைத்திருக்கிறார்கள்?

உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே ஜிம்மில் சேர்ந்தான். சில ஆண்டுகளில் கை, மார்பு எல்லாம் திரண்டுவிட்டன. நோஞ்சான் என்றவர்கள் அவன் தோளைத் தட்டிப் பெருமைப்பட்டார்கள். வீட்டுக்குள் நான் பார்த்தது வேறு. பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புழுக்கத்தில் அவன் பனியனுக்கு மேல் பனியன், அதற்கு மேல் தடித்த முழுக்கைச் சட்டை என்று போட்டுக்கொண்டு வெளியே போவான். தோள் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அழுக்குக் கூடையில் ஒரே நாள் துணி மூன்று நாள் துணி போலக் குவியும். அம்மா கேட்டால், "குளிர்கிறது" என்பான். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்கார மாட்டான். மண்டபத்துக்கு வெளியே காரில் கதவைச் சாத்திக்கொண்டு, டப்பாவில் கொண்டுவந்த அவித்த கோழியைத் தனியாகத் தின்றுவிட்டு வருவான்.

எனக்கு உறைத்தது தைப்பூசத்தின்போதுதான். எங்கள் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து காவடி எடுக்கிறோம், அவனும் சிறுவனாக இருந்தபோதே எடுத்தவன். அந்த ஆண்டு முடியாது என்றுவிட்டான். விரத நாட்களில் முட்டையும் கோழியும் கிடையாது அல்லவா? "அதற்குள் கரைந்துவிடுவேன் அக்கா" என்றான். மெல்லக் கிளறியபோது இன்னொரு காரணமும் வந்தது. கோயில் முற்றத்தில் அத்தனை பேர் பார்க்கச் சட்டையில்லாமல் நிற்க அவனால் முடியாதாம். தொந்தியும் தொப்பையுமாக எங்கள் பெரியவர்கள் கூச்சமே இல்லாமல் நிற்கிற இடம் அது. அங்கே இருப்பவர்களில் கட்டுடம்புக்காரன் அவன்தான். அவனுக்குத்தான் கூச்சம்.

இதை அழகுப் பித்து என்று சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. இது வெட்கமும் பயமும். மருத்துவத்தில் இதற்குப் பெயர் மசில் டிஸ்மார்ஃபியா. அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் உடன் பணியாற்றியவர்களும் 1993-இல் உடற்கட்டு வீரர்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். எலும்பும் தோலுமாக இருந்துகொண்டே தன்னைப் பருமன் என்று நினைக்கும் அனோரெக்சியா நோய் தலைகீழானது போல, பருத்த உடம்பை வைத்துக்கொண்டு ஒல்லி என்று நினைப்பது. 1997-இல் இந்தப் பெயர் வந்தது. 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டில் உடல் தோற்றக் கோளாறின் ஒரு வகையாக இது இடம்பெற்றது. எங்கள் நாட்டிலும் வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் போட்டிக்குப் போகும் அமெச்சூர் உடற்கட்டு வீரர்கள் 28 பேரைப் பரிசோதித்து 2001-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 15 பேருக்கு இது இருந்தது. சிறிய கூட்டம், அதுவும் போட்டிக்காரர்கள். ஆகவே ஜிம்முக்குப் போகிறவர்கள் எல்லாம் நோயாளிகள் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உடற்பயிற்சி நல்லது. நானே தினமும் நடக்கிறவள்.

நல்ல பயிற்சிக்கும் இந்த நோய்க்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒருவரைச் சொல்கிறேன். பிரெஷியஸ் மெக்கன்சி என்ற பளுதூக்கும் வீரர் டர்பனில் பிறந்தவர். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. வெள்ளையர் அல்ல என்பதால் அன்றைய இனவெறி ஆட்சி அவரை நாட்டுக்காக ஆட விடவில்லை. அவர் இங்கிலாந்துக்குப் போய் 1966, 1970, 1974 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றார், பிறகு நியூசிலாந்துக்காக 1978-இல் இன்னொன்று. அவருக்கு அளவுகோல் தூக்கிய எடை. எடை ஏறினால் ஏறியதுதான், யாரும் மறுக்க முடியாது. என் தம்பியிடம் "இன்று எவ்வளவு தூக்கினாய்?" என்று கேட்டால் அக்கறையே இருக்காது. அவனுக்கு அளவுகோல் கண்ணாடி, அது காலையில் ஒன்று சொல்லும், மாலையில் இன்னொன்று சொல்லும். உங்கள் மகன் எந்த வகை என்று கவனித்துப் பாருங்கள். பலத்துக்காக உழைக்கிற பையன் ஒரு நாள் விடுமுறை என்றால் நன்றாகத் தூங்குவான். இந்த நோய் உள்ளவன் ஒரு நாள் தவறினால் வீட்டையே இரண்டாக்குவான்.

தசையை ஏற்ற ஆண் ஹார்மோனாகப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசிப் பக்கம் தம்பி போனானா என்று கேட்பீர்கள். அது அவன் சொல்ல வேண்டியது, நான் எழுத மாட்டேன். ஆனால் நீங்கள் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். இங்கே கிரேவன் வாரம் என்னும் பள்ளி ரக்பி போட்டியிலேயே மாணவர்கள் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கிய செய்திகள் வந்திருக்கின்றன. வெளியிலிருந்து ஹார்மோன் ஏறினால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும், விரை சுருங்கும், இதயத்துக்குக் கேடு. நிறுத்தும்போது மனம் அதலபாதாளத்துக்குப் போகும், அதுதான் மிகவும் ஆபத்தான நேரம்.

இடையில் ஒன்று. சென்ற முறை நான் இங்கே பதில் எழுதியபோது "தென்னாப்பிரிக்காவில் ஏது தமிழ், யாரோ எழுதிக் கொடுத்தது" என்று ஒருவர் கேட்டிருந்தார். 1860-இல் சென்னையிலிருந்து டுரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் மொழியையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, சொல்லிக் கொடுத்த தமிழ் இது. சனிக்கிழமை தோறும் கோயில் கூடத்தில் நகலெடுத்த பாடங்களை வைத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் தமிழும் இதுதான். புத்தகத் தமிழாக இருக்கிறது என்றால் புத்தகத்தில்தான் எங்களுக்கு அது மிஞ்சியிருக்கிறது. பிழை இருந்தால் திருத்துங்கள், சந்தேகப்படாதீர்கள்.

தம்பிக்குக் கை கொடுத்தது, எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றும் பேச்சுச் சிகிச்சையும் மருத்துவர் கொடுத்த மாத்திரையும். கண்ணாடி பார்க்கும் நேரத்தைக் குறைப்பது, ஒற்றைச் சட்டையோடு கடைக்குப் போய்வருவது என்று சின்னச் சின்னதாகப் பழக்கினார்கள். மாதங்கள் ஆயின. இன்றும் ஜிம்முக்குப் போகிறான், பந்தியிலும் உட்காருகிறான்.

"உன் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மகனிடம் வாதாடாதீர்கள், அவன் நம்ப மாட்டான். அவன் எதையெல்லாம் விட்டுவிட்டான் என்று குறித்து வையுங்கள்: நண்பர்கள், கடற்கரை, வீட்டுச் சாப்பாடு, பரீட்சைக்கு முந்தைய நாள் படிப்பு. மனநல மருத்துவரைப் பார்க்கும்போது அந்தக் குறிப்பைக் கொடுங்கள். "ஜிம்மை நிறுத்தச் சொல்லுங்கள் டாக்டர்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், பையன் அங்கேயே எழுந்து போய்விடுவான்.