சைலேஜ் வாங்கும்போது எடையை மட்டும் பார்க்காதீர்கள்

கேள்வி: அண்ணாச்சி, மானூர் பக்கம் நான்கு எருமைக் கடாக்கன்றுகளை இறைச்சிக்காக வளர்க்கிறேன். ஒவ்வொன்றும் 200 கிலோ இருக்கும். பிசானப் பருவ நெல் வைக்கோல் தீரப்போகிறது. பாலித்தீன் சுற்றிய மக்காச்சோள சைலேஜ் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம்) கட்டு வாங்கலாம் என்றிருக்கிறேன். 60 கிலோ கட்டு என்றால் கிலோ 8 ரூபாய், 400 கிலோ கட்டு என்றால் 7 ரூபாய் என்கிறார் வியாபாரி. எதை வாங்கலாம்? பூஞ்சை பிடித்திருந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: சிறிய கட்டையே வாங்குங்கள். உறையைக் கிழித்ததும் காற்று புகுந்து, சைலேஜ் சூடேறிக் கெடத் தொடங்கும். நம்மூர் வெயிலில் இரண்டு, மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். கன்றுக்கு 8 கிலோ என்றால் நாளைக்கு 32 கிலோ. 60 கிலோ கட்டு இரண்டு நாளில் தீரும். 400 கிலோ கட்டு பன்னிரண்டு நாளைக்கு மேல் திறந்து கிடக்கும். கிலோவுக்கு ஒரு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்குள் பாதிக் கட்டு குப்பைக்குழிக்குப் போய்விடும்.

அதைவிட முக்கியமானது ஈரம். நீங்கள் வாங்குவது தீவனம், தண்ணீர் அல்ல. 60 கிலோ கட்டில் உலர்பொருள், அதாவது ஈரம் போக மிஞ்சுவது, 35 சதவீதம் என்றால் 21 கிலோ தீவனம் கிடைக்கிறது. 25 சதவீதம்தான் என்றால் 15 கிலோ. கொடுப்பது அதே 480 ரூபாய். ஆனால் உலர்ந்த கணக்கில் ஒன்று கிலோ 23 ரூபாய், மற்றது 32 ரூபாய். மொத்தமாக வாங்குவதற்கு முன்னால் ஒரு கட்டைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் சாறு ஒழுகினால் வாங்காதீர்கள். கையைத் திறந்ததும் மெதுவாக உதிர்ந்தால் சரியான பதம். கதிர் மணிகளும் கண்ணில் பட வேண்டும். வெறும் தட்டையை நறுக்கிக் கட்டியிருந்தால் சத்து குறைவு, கன்று எடை ஏறாது.

நல்ல சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சையாக, லேசான புளிப்பு வாசனையோடு இருக்கும். ஊசிய நெய் நாற்றம் அடித்தாலோ, புகையிலை போலக் கருத்திருந்தாலோ வேண்டாம். பூஞ்சை படர்ந்த கட்டைத் திருப்பி அனுப்புங்கள். 'மாடுதானே, தின்னுட்டுப் போகுது' என்று போடவே கூடாது. உள்ளே எலி செத்துக் கிடந்தால் அந்தக் கட்டு முழுவதையும் புதைத்துவிடுங்கள். செத்த எலியிலிருந்து தீவனத்தில் கலக்கும் நஞ்சு மாட்டை முடக்கிக் கொல்லும்.

இறக்கும்போதே உறையில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். எலி வராத, மழை ஒழுகாத நிழலில் பலகை மேல் அடுக்கினால் நல்லது.

கொடுக்கும்போது 2 கிலோவில் தொடங்கி ஒரு வாரம், பத்து நாளில் 8 கிலோவுக்கு ஏற்றுங்கள். மக்காச்சோள சைலேஜில் புரதம் குறைவு. உலர் கணக்கில் 8 சதவீதம் அளவில்தான் இருக்கும். அதனால் ஒன்றரைக் கிலோ வைக்கோல், ஒரு கிலோ புண்ணாக்கு, தாது உப்பு மூன்றும் சேர வேண்டும். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான், உங்கள் கன்றுகளுக்கான அளவை அங்கே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கட்டில் சுற்றிய வலைத்துண்டு தீவனத்தோடு வயிற்றுக்குள் போகாமல் கவனியுங்கள்.

இனிப் பணம். எடை, விலை, தேதி போட்ட பில் வாங்குங்கள். கெட்டிருந்தால் பிரித்த அன்றே படம் எடுத்து வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அவர் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 'விற்பதற்கு வளர்க்கிறவர் நுகர்வோர் அல்ல' என்று எதிர்த்தரப்பு வாதாடக்கூடும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் அதற்கென்று வாங்கிய பொருள் என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அவரை நுகர்வோராகவே ஏற்கிறது. நான்கு கன்று வைத்து வீட்டார் உழைப்பில் வளர்க்கிறீர்கள் என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.