ஓய்வுநாளும் கர்த்தருடைய நாளாகிய ஞாயிறும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஓய்வுநாளைச் சனியிலிருந்து ஞாயிற்றுக்கு மாற்றியவர் கான்ஸ்டன்டைன் பேரரசர் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. கி.பி. 150ஐ ஒட்டி ரோமாபுரியில் எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர் ஜஸ்டின், ஞாயிறு என வழங்கும் நாளில் பட்டணத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடி, வேதவாசிப்புக்கும் பிரசங்கத்துக்கும் ஜெபத்துக்கும் பின் அப்பமும் திராட்சரசமும் பெற்றுக்கொண்டதை விவரிக்கிறார். கான்ஸ்டன்டைன் ஆணை பிறப்பித்ததோ 321 மார்ச் 7 அன்று. நீதிபதிகளும் நகரத்தாரும் கைத்தொழிலாளரும் அன்று ஓய்ந்திருக்க வேண்டும் என்ற அந்த ஆணை, விதைப்புக்கு உரிய நாள் தவறிவிடக்கூடாது என்று உழவர்களுக்கு மட்டும் விலக்களித்தது. எனவே அவர் கொண்டுவந்தது ஞாயிறு விடுமுறையை. ஆராதனை அதற்கு முன்பே இருந்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே பெரும்பாலான வாக்குவாதங்களுக்குக் காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் புதிய ஏற்பாட்டில் ஞாயிறு ஆராதனைக்குக் கட்டளை உண்டா?

பதில்: நேரடிக் கட்டளை இல்லை, வழக்கத்தின் தடயங்களே உள்ளன. வாரத்தின் முதல்நாளில் துரோவாவில் அப்பம் பிட்கக் கூடியதை அப்போஸ்தலர் 20:7 சொல்கிறது. (பவுல் நெடுநேரம் பேசியதால் ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி விழுந்தது அங்கேதான், நீண்ட பிரசங்கத்தின் சிக்கல் புதிதல்ல.) அந்நாளில் வேலை செய்யலாகாது என்று அங்கே எதுவும் இல்லை.

கேள்வி: லவோதிக்கேயாவில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம் சனிக்கிழமை ஓய்வைத் தடை செய்ததா?

பதில்: ஆம். நான்காம் நூற்றாண்டில் கூடிய அந்தச் சங்கத்தின் 29ஆம் விதி அதைத் தடுத்தது. ஆனால் யாரும் செய்யாத ஒன்றைத் தடுக்க விதி எதற்கு? சனிக்கிழமையில் சுவிசேஷங்கள் வாசிக்கப்பட வேண்டும் என்று அதே சங்கத்தின் 16ஆம் விதி கூறுவதால், அன்றும் சபை கூடியது தெளிவாகிறது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை இன்றும் இரு நாட்களையும் கனம்பண்ணுகிறது.

கேள்வி: தமிழகத்தில் சனிக்கிழமை ஆசரிப்பு அட்வென்டிஸ்து சபையோடுதான் வந்ததா, ஐயா?

பதில்: அதற்கு முன்பே இருந்தது. அட்வென்டிஸ்து சபை அமெரிக்காவில் முறைப்படி அமைந்தது 1863இல். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்திலோ, மிஷனெரிகளோடு பிணங்கிப் பிரிந்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை 1857இல் தனிச் சபை கண்டார். ஐரோப்பிய வழக்கங்களை விலக்கி யூத முறைமைகள் பலவற்றைக் கைக்கொண்ட அச்சபை, ஓய்வுநாளையும் சனிக்கிழமையிலேயே ஆசரித்தது.

கேள்வி: வெள்ளி மாலையிலேயே ஓய்வுநாளைத் தொடங்குவது ஏன்?

பதில்: ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் சாயங்காலம் முன்னும் விடியற்காலம் பின்னுமாக நாள் எண்ணப்படுவதால்.