அந்தக் காலத்து மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் ஏன் ஒன்றுபோல் ஒன்று இல்லை?

கானாடுகாத்தானில் செட்டிநாட்டு ராஜாவின் அரண்மனையைப் பார்த்துவிட்டு, அவரையும் மகாராஜாக்களோடு சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு சின்னத் திருத்தம்: செட்டிநாட்டு ராஜா நாடாண்டவர் அல்ல. 1929-ல் அண்ணாமலைச் செட்டியாருக்கு ஆங்கிலேய அரசு தந்த பட்டம் அது. பக்கத்தில் நாடாண்டவர்கள் என்றால் புதுக்கோட்டைத் தொண்டைமான்கள்தான்.

சரி, காருக்கு வருவோம். அப்போது ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி முழுக் காரை விற்கவில்லை. எஞ்சின், சக்கரம் பூட்டிய சேஸி, அதாவது அடிச்சட்டம் மட்டும் தரும். மேல்கூடு கட்டுவது பார்க்கர், ஹூப்பர் போன்ற தனிப் பட்டறைகள். நம்மூரில் பர்மா தேக்கை இறக்கிவிட்டு, அப்புறம் ஆசாரியிடம் கதவுக்கு வேலைப்பாடு சொல்வார்களே, அதே கதைதான்.

ஹைதராபாத் நிஜாம் மகபூப் அலி கான் கேட்டது சிம்மாசனம். சில்வர் கோஸ்ட் என்ற ரோல்ஸ் ராய்ஸ் மாடல், மஞ்சள் வண்ணத்தில். பின்னால் உயர்த்திய ஒற்றை இருக்கை. கார் வந்து சேருமுன்பே, 1911-ல், அவர் இறந்துவிட்டார். பர்தா முறை இருந்த அரண்மனைகள் கண்ணாடிக்குத் திரை கேட்டன.

விசித்திரத்தில் முதலிடம் கல்கத்தாவில் ஓடிய, அன்னப்பறவை வடிவக் காருக்கு. அது ரோல்ஸ் ராய்ஸ் அல்ல, 1910-ல் ஓர் ஆங்கிலேயர் செய்வித்த, புரூக் என்ற வேறு கம்பெனியின் கார். அலகிலிருந்து வெந்நீர் பீய்ச்சும், பின்னால் எச்சம்போல் சுண்ணாம்புக் குழம்பு கொட்டும்! பிறகு பஞ்சாபின் நாபா மகாராஜா அதை வாங்கினார். இப்போது நெதர்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ராஜஸ்தானின் ஆல்வார் ராஜா ரோல்ஸ் ராய்ஸில் குப்பை அள்ளவைத்தார் என்று ஒரு கதை உலவுகிறதே, அதை நான் நம்புவதில்லை. அதே கதையை வேறு ராஜாக்கள் பேரிலும் சொல்கிறார்கள்.