அரசியல் அறிவியல் படிக்கட்டும், ஆனால் ஆறு லட்சம் கடன் வேண்டாம்

வணக்கம் அம்மா. உங்கள் மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்க ஆசைப்படுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. "இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது பாடம் இல்லை. தனியார் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் கட்டணம், மூன்றாண்டுக்கும் முழுவதும் கல்விக்கடன் என்று நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரிதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் அந்த நான்கு ஆண்டுகளும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். முதலாண்டு வாங்கிய 2 லட்சத்துக்கு 80,000, இரண்டாமாண்டுத் தொகைக்கு 60,000, மூன்றாமாண்டுத் தொகைக்கு 40,000. தவணை தொடங்கும் நாளில் 6 லட்சம் 7 லட்சத்து 80 ஆயிரமாக நிற்கும். பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 10,300 ரூபாய். பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் தவணை 8,400 அளவுக்கு இறங்கும், ஆனால் மொத்தம் 15 லட்சத்தைத் தாண்டிவிடும். பட்டம் முடித்த கையோடு 18,000 ரூபாய்க்கு ஒரு வேலை கிடைத்தால், அதில் பாதிக்கு மேல் வங்கிக்கே போய்விடும்.

வட்டியை அரசு கட்டும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கான அந்த முழு வட்டி மானியம் தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கு மட்டும்தான். சாதாரண பி.ஏ.வுக்கு அது கிடையாது. மத்திய அரசின் வித்யாலட்சுமி கல்விக்கடன் திட்டத்தில் 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் கல்லூரி அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். அதைக் கல்லூரிக்காரர்கள் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, வங்கியில் உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, கடனில் நீங்களும் கூட்டாகக் கையெழுத்துப் போடுகிறீர்கள். தவணை தவறினால் மகளின் சிபில் (வங்கிகள் பார்க்கும் கடன் மதிப்பெண்) மட்டுமல்ல, உங்களுடையதும் கெடும்.

சரி, வருமானம்? உங்கள் மகள் மனதில் இருப்பது ஐ.ஏ.எஸ்., குரூப் 1 என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல இலக்கு. குரூப் 1 வழியாகக் கிடைக்கும் துணை ஆட்சியர் பணியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். இந்தத் தேர்வுகள் கேட்பது ஏதேனும் ஒரு பட்டம். எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை. அரசுக் கல்லூரியில் சில ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கிய பட்டமும், 6 லட்சம் கட்டி வாங்கிய பட்டமும் விண்ணப்பத்தில் ஒன்றுதான். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். இளநிலை உதவியாளருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500.

இங்கேதான் கடன் நேரடியாகக் குறுக்கே வரும். ஐ.ஏ.எஸ்.-க்கான குடிமைப் பணித் தேர்வில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் இடங்கள், விண்ணப்பிப்பவர்களோ பல லட்சம் பேர். கெட்டிக்காரப் பிள்ளைக்கும் மூன்று நான்கு ஆண்டுகள் ஆகலாம். தவணை இல்லாத வீட்டுப் பிள்ளை அந்த ஆண்டுகளைப் படிப்பில் செலவிடும். மாதம் 10,300 கட்ட வேண்டிய பிள்ளை, கிடைத்த வேலைக்குப் போய்விட்டு ராத்திரி புத்தகத்தைத் திறக்கும். இரண்டாவது முயற்சியிலேயே சோர்ந்துவிடும். உங்கள் மகளுக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான் சொல்வது இது. பி.ஏ.வை அரசுக் கல்லூரியிலோ, அரசு உதவிபெறும் பிரிவிலோ முடிக்கட்டும். சென்னை மாநிலக் கல்லூரி, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி இரண்டிலும் இந்தப் பாடத்துக்கு நெடுநாள் பெயர் உண்டு. அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். தங்குவதற்கு அரசு நல விடுதிகளை விசாரியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகும்போது தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தின் நுழைவுத் தேர்வை எழுதட்டும். தேர்வானால் பத்து மாதங்களுக்கு மாதம் 7,500.

கடன் வாங்கும் தெம்பை இரண்டாவது பட்டத்துக்கு மிச்சம் வையுங்கள். மூன்றாண்டு சட்டப் படிப்புக்கு இந்தப் பட்டம் நல்ல அடித்தளம். எம்.ஏ. என்றால் டெல்லி ஜே.என்.யூ., ஹைதராபாத், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு எழுதலாம், கட்டணமும் குறைவு. அதன்பின் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வாகி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் மாதம் 37,000 உதவித்தொகை. ஆங்கிலத்தில் எழுதும் பழக்கத்தை மட்டும் முதலாண்டிலேயே தொடங்கச் சொல்லுங்கள். சட்டம், ஆராய்ச்சி, ஊடகம் எங்கு போனாலும் சம்பளம் கூடுவது அதில்தான்.

அந்தத் தனியார் பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்று மகள் உறுதியாக நின்றால், முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: போன ஆண்டு அரசியல் அறிவியல் முடித்தவர்கள் எத்தனை பேர், எங்கே, என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள்? பொறியியல் மாணவர்களின் வேலைவாய்ப்புப் படங்களைக் காட்டினால் ஏற்காதீர்கள். அந்தத் துறையின் கணக்கை எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்புங்கள், மூவரும் உட்கார்ந்து பார்ப்போம். அதற்கு மேலும் கடன்தான் என்றால், படிக்கும்போதே மாத வட்டியைக் கட்டிவிடுங்கள். முதலாண்டு மாதம் 1,670, இரண்டாமாண்டு 3,330, பிறகு தவணை தொடங்கும் வரை 5,000. அப்படிக் கட்டினால் அசல் 6 லட்சத்திலேயே நிற்கும், தவணையும் 8,000-க்குள் அடங்கும்.