கிள்ளைப் பகுதியில் உவர் ஏறும் சம்பா வயல்: எதைக் காப்பது, எதை மாற்றுவது?

கேள்வி: ஐயா, கடலூர் மாவட்டம் கிள்ளைக்கு அருகில் எனக்கு மூன்று ஏக்கர் சம்பா நிலம் உள்ளது. கோடையில் வாய்க்கால் வழியாகக் கடல்நீர் ஏறுவதால் கீழ்ப்பகுதி வெள்ளை பூத்து, அங்கு நட்ட நாற்று கருகிவிடுகிறது. மேல்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்குகிறது. ஜிப்சம் போட்டால் சரியாகுமா? இறால் குட்டைக்குக் குத்தகை கேட்கிறார்கள், விடலாமா?

பதில்: மண்ணைப் பரிசோதிக்காமல் ஜிப்சம் வாங்க வேண்டாம். ஜிப்சம், சோடியம் மிகுந்து கார அமில நிலை 8.5-க்கு மேல் போன களர் நிலத்துக்கான மருந்து. கடல்நீரால் உப்பு சேர்ந்த உவர் நிலத்தில் அந்த உப்பை நல்ல நீரால் கரைத்து வெளியேற்றுவதே வழி. உவரும் களரும் கலந்திருக்கவும் கூடும் என்பதால், மழை தொடங்கும் முன் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, கலக்காமல் தனித்தனிப் பைகளில் மாவட்ட மண் பரிசோதனை நிலையத்துக்கோ விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொடுங்கள். கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் அது உவர் நிலம்.

தனித்தனியாக எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாறும் பருவநிலையில் காடுகளையும் நீர்நிலைகளையும் பராமரிப்போருக்காக அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை அறிவியலாளர்கள் 2020-இல் ஒரு முறையை வகுத்தளித்தனர். ஒவ்வோர் இடத்திலும் மாற்றத்தை எதிர்த்து நிற்பதா, ஏற்றுக்கொள்வதா, அல்லது நாம் விரும்பும் திசைக்கு அதை நடத்திச் செல்வதா என்று தனியாக முடிவெடுக்கச் சொல்கிறது அந்த முறை. உங்கள் மூன்று ஏக்கருக்கும் இதுவே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. மூன்றையும் ஒரே நிலமாக எண்ணிச் செலவிடுவதால்தான் கீழ்ப்பகுதியின் நட்டம் மேல்பகுதியின் வருமானத்தைத் தின்கிறது.

மேல்பகுதியில் எதிர்த்து நிற்கலாம். சி.ஆர். 1009 சப் 1 நெல் ரகம் தூர் கட்டும் பருவத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கினாலும் நீர் வடிந்தபின் மீண்டெழும். ஒடிசாவின் பாரம்பரிய நெல் ஒன்றிலிருந்து பெறப்பட்ட மரபணுவே அதற்குக் காரணம். ஆனால் முளைக்கும்போதோ பூக்கும்போதோ அது காப்பாற்றாது; ஆகவே ஆவணியிலேயே விதைத்து, மழை வலுக்கும் முன் பயிர் வேர்பிடித்திருக்கச் செய்யுங்கள்.

நடுப்பகுதிக்கு உவரைத் தாங்கும் கோ 43 நெல் ரகம் ஏற்றது. முதல் மழைநீரை வரப்புக் கட்டித் தேக்கி, இரண்டு மூன்று முறை வடித்த பிறகே நடவு செய்யுங்கள். ஓதம் (கடல்நீர் மட்டத்தின் ஏற்றம்) இறங்கும் வேளையில்தான் உங்கள் வடிகால் வெளியே ஓடும் என்பதால் அந்த நேரத்தில் மட்டுமே மடையைத் திறக்க வேண்டும். நாற்றங்காலை மேல்பகுதியில் விட்டு, சற்று முதிர்ந்த நாற்றுகளைக் குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாக வைத்து நெருக்கி நடுங்கள். இளநாற்றும் பூக்கும் பயிரும்தான் உப்புக்கு அதிகம் அஞ்சுபவை. நடவுக்கு முன் தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், மண் பொலபொலப்பாகி உப்பு எளிதில் கழுவப்படும்.

ஆண்டு தவறாமல் ஓதம் ஏறும் கீழ்ப்பகுதியில் நெல்லை விட்டுவிடுவதே நல்லது. இறாலுக்கு விடுவதை நான் ஏற்கவில்லை. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு பெறாமல் குட்டை நடத்தக் கூடாது என்பதோடு, விளைநிலத்தை இறால் பண்ணையாக மாற்றுவதை அதன் நெறிமுறைகள் அனுமதிப்பதில்லை. குட்டையின் உவர்நீர் கசிந்து உங்கள் நடுப்பகுதியையும் பக்கத்து நிலத்தையும் கெடுக்கும். அங்கு அலையாத்தி வளர்ப்பதாயின், பிச்சாவரத்தில் கற்றதைக் கருத்தில் கொள்ளுங்கள். மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து, தேங்கிய ஓதநீர் வற்றி உப்பு ஏறியதால் கன்றுகள் பிழைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, நீர் வந்து போக வழி செய்தபின்தான் காடு திரும்பியது. எனவே வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் கன்று தேடும் முன் நீர் வந்து வடியும் வாய்க்காலை அமைத்து, நடுப்பகுதியின் ஓரத்தில் களிமண் வரப்பும் கசிவுநீர்க் குழியும் எடுக்க வேண்டும். வளர்ந்த அலையாத்தியைக் கடலோர ஒழுங்குமுறை விதிகள் பாதுகாப்பதால், பின்னர் அதை வெட்டி நெல்லுக்குத் திரும்ப இயலாது. குடும்பத்தாருடன் கலந்து, வனத்துறையிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டே இதில் இறங்குங்கள்.

வாய்க்கால் மடையில் ஓதநீரைத் தடுக்கும் கதவு பழுதாக இருந்தால், அக்கம்பக்கத்து நிலக்காரர்களோடு சேர்ந்து நீர்வளத்துறையிடம் கோடைக்கு முன்பே மனுக் கொடுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் மூன்று இடங்களின் எண்களையும் அனுப்பினால், ஜிப்சம் தேவையா, எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு எழுதுகிறேன்.