இரண்டாம் உலகப் போரில் சீனாவின் புதிய 38வது டிவிஷன் பர்மாவில் எப்படிப் போரிட்டது?

நடு பர்மாவின் எண்ணெய் ஊரான யெனாங்யாங்கை வைத்துத்தான் இந்த டிவிஷனைப் பற்றிப் பெரும்பாலும் பேசுகிறார்கள். 1942 ஏப்ரலில் அந்த எண்ணெய் வயல்களில் பிரிட்டிஷாரின் 1வது பர்மா டிவிஷன் ‘பின் சாங்’ என்ற ஆற்றுக்குத் தெற்கே தண்ணீரில்லாமல் ஜப்பானியரிடம் மாட்டிக்கொண்டது. வடக்கிலிருந்து உதவிக்குப் போனது இந்த டிவிஷனின் தளபதி சுன் லிரெனின் 113வது ரெஜிமென்ட், சுமார் 1,100 பேர். அவர்களிடம் சொந்தப் பீரங்கி இல்லை. அங்கிருந்த பிரிட்டிஷ் படைகளின் தளபதி ஜெனரல் ஸ்லிம் பிரிட்டிஷ் டாங்குகளையும் பீரங்கிகளையும் சுன்னின் கட்டளையிலேயே விட்டார். அன்றைய நிலையில் இது லேசான விஷயமில்லை. 7,000 பேரை மீட்டதாகச் சீனத் தரப்பு சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சிக்கியவர்களில் பலர் வண்டிகளைப் போட்டுவிட்டுத் தாங்களாகவே வெளியேறினார்கள்.

அதைவிடப் பெரிய முடிவு, பர்மாவிலிருந்து பின்வாங்கிய மே மாதத்தில் எடுக்கப்பட்டது. சீனத் தளபதி டு யுமிங்கோடு வடக்கே காட்டுவழி போனவர்கள் பசியிலும் மலேரியாவிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சுன் மேற்கே திரும்பி, ஆயுதங்களோடு அணி குலையாமல் இம்பால் வந்தார்.

அடுத்தது பீகாரின் ராம்கர் முகாம் (இன்று ஜார்க்கண்ட்). சாப்பாடும் சம்பளமும் பிரிட்டனுடையது, ஆயுதமும் பயிற்சியும் அமெரிக்காவுடையது. சம்பளத்தை மொத்தமாகத் தளபதியிடம் கொடுத்தால் சிப்பாய் கைக்கு வராது என்று அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல் ஆளாளுக்கு நேரடியாகப் பட்டுவாடா செய்ய வைத்தார்.

1943 இறுதியில் அசாமின் லெடோவிலிருந்து வடக்கு பர்மாவின் ஹுகாங் பள்ளத்தாக்கில் இறங்கியதுமே அடி விழுந்தது. எதிரே சிறு காவல்படைதான் என்று தலைமையகம் கணித்திருந்ததால் பீரங்கி கூட வரவில்லை. இருந்ததோ சிங்கப்பூரைப் பிடித்த படைகளில் ஒன்றான ஜப்பானிய 18வது டிவிஷன். அங்கே யுப்பாங் கா என்ற இடத்தில் 112வது ரெஜிமென்டின் ஒரு பட்டாலியன் வாரக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. அவர்களுக்கு உணவும் தோட்டாவும் விமானத்திலிருந்து போடப்பட்டன. குடிக்கக் காட்டுக்கொடியையும் மூங்கிலையும் வாழையையும் வெட்டி நீர் எடுத்தார்கள். டிசம்பர் இறுதியில் பீரங்கி வந்த பிறகுதான் முற்றுகை உடைந்தது.

பிறகு ஒரே உத்திதான்: முன்னால் எதிரியைப் பிடித்து வைப்பது, காட்டில் பாதை வெட்டிச் சுற்றிப் போய்ப் பின்னால் சாலையை மறிப்பது. மறிக்கும் படைக்கு விமானம் உணவு போடாவிட்டால் இது நடக்காது. 1944 மார்ச்சில் வாலாபும் அருகே வளையத்துக்குள் வந்த ஜப்பானியர், தங்கள் பொறியாளர்கள் ரகசியமாக வெட்டிய தடத்தில் நழுவினார்கள். மே இறுதியில் 112வது ரெஜிமென்ட் செட்டனில் காமாயிங் சாலையை மறித்தபோது மறியல் பலித்தது. ஜப்பானியரின் கிடங்குகளும் லாரிகளும் பீரங்கிகளும் சீனர் கையில் சிக்கின.